ஐயம்பேட்டைப் பொட்டலம்

வீரபாகுவுக்குச் சந்தேகப்படுவதுதான் முதல் வேலை, தறி நெய்வது இரண்டாவது வேலை என்று காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் சொல்வார்கள். அவனிடம் ஜரிகை கொண்டு வருகிறவர்கள் கூடவே கொஞ்சம் பொறுமையும் கொண்டு வர வேண்டும். இழையை உருவுவான், நகத்தால் சுரண்டுவான், வெயிலில் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பான், கடைசியில் நாக்கிலும் வைத்துப் பார்ப்பான். "நாக்குக்கு இன்னாப்பா தெரியும்?" என்று கேட்டால், "என் நாக்குக்குத் தெரியும்" என்பான். முப்பது வயசு வரைக்கும் அவன் யாரிடமும் ஏமாந்ததில்லை என்பது வாஸ்தவம். ஏமாறாமல் இருக்கிற கவலையிலேயே ஆயுசில் பாதி கழிந்தது என்பதும் வாஸ்தவம்.

அப்பேர்ப்பட்டவனின் பெண்டாட்டிக்கு எழுபத்து நாலாம் வருஷம் ஆனி மாதத்தில் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். விலாப்புறத்தைக் கிழித்து உள்ளே இருக்கும் ஒரு சுரப்பியை எடுக்கிற ஆபரேஷன். அதையும் தீர்மானமாகச் சொன்னார்களா என்றால் இல்லை. 'எடுக்க வேண்டியிருக்கும்னு நினைக்கிறோம்' என்றார்கள். அந்த 'நினைக்கிறோம்' வீரபாகுவின் காதில் எறும்பு போல உட்கார்ந்துகொண்டது. உயிரோடு இருக்கிற மனுஷியைக் கிழிக்கிறவர்களுக்கு நினைப்பு எதற்கு, நிச்சயம் அல்லவா வேண்டும் என்று அவன் பார்க்கிறவர்களிடமெல்லாம் பொருமினான்.

பெண்டாட்டி பெயர் ஏலவார்குழலி. இருபத்து நாலு வயசு. ஐயம்பேட்டைப் பெண். கல்யாணமான நாலு வருஷமாக அவள் அவனோடு ஒரே தறிக்குழியில் தோளோடு தோள் உட்கார்ந்து வேலை செய்கிறவள். சேலையின் உடம்பு ஒரு நிறம், கரை இன்னொரு நிறம் என்றால் இரண்டு பேர் வேண்டும். அவன் உடம்பை நெய்வான், அவள் கரை நூல் சுற்றிய நாடாவைக் குறுக்கே வீசுவாள். அவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்திருந்ததால்தான் மாற்றம் முதலில் அவன் கண்ணில் பட்டது. ஒன்றரை வருஷமாக அவள் முகம் தடித்துக்கொண்டே வந்தது. மேலுதட்டில் கருமை, மோவாயில் முடி. தூரம் இரண்டு மாதத்துக்கு ஒரு தரம், மூன்று மாதத்துக்கு ஒரு தரம் என்று தள்ளிப் போயிற்று. உடம்பும் பெருத்தது. குழந்தையும் இல்லை. தெருக்காரிகள் அவள் முகத்தைப் பார்த்துப் பேசாமல் மோவாயைப் பார்த்துப் பேச ஆரம்பித்தபோது அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நடக்கப் பழகினாள்.

காஞ்சிபுரத்து டாக்டர் கையை விரித்துவிட்டு மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே டாக்டர் சிட்டிபாபு. சுரப்பிகளைப் படித்தவர், மெல்லப் பேசுகிறவர், கேட்ட கேள்வியையே நாலு விதமாகத் திருப்பிக் கேட்கிறவர். இந்த ஒரு குணத்தால் வீரபாகுவுக்கு அவரைக் கொஞ்சம் பிடித்தது.

"சிறுநீரகத்து மேலே தொப்பி வெச்ச மாதிரி ஒரு சுரப்பி இருக்கு. அது அளவு மீறிச் சுரந்தா இப்படி முகம் தடிக்கும், முடி முளைக்கும்" என்றார் டாக்டர். "சின்ன மாத்திரை தரேன். ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணு, ரெண்டு நாள். நல்ல சுரப்பியா இருந்தா இந்த மாத்திரை போனதும் அடங்கிடும். அடங்கலேன்னா அதுலே கோளாறு. அடங்கிச்சா இல்லையான்னு மூத்திரத்தைச் சோதிச்சுத் தெரிஞ்சுக்கலாம்."

மாத்திரைக்கு முன்னால் ஒரு நாள், மாத்திரையின் இரண்டாம் நாள் ஒன்று, ஆக இரண்டு நாள் நீரை ஒரு சொட்டு சிந்தாமல் பிடித்து வர வேண்டும். இரண்டு பெரிய பழுப்புக் கண்ணாடி ஜாடிகளைக் கொடுத்தார்கள். வீரபாகுவின் அம்மா காமாட்சியம்மாள் ஆசாரக்காரி. ஜாடி கொல்லையைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்று முறத்தைத் தூக்கிக்கொண்டு நின்றாள். வீரபாகு கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாத்திரையைத் தானே கொடுத்தான். வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியிலும் பார்த்தான். பிறகு இரண்டு ஜாடிகளையும் துணியில் சுற்றி மடியில் வைத்து பஸ்ஸில் மெட்ராஸ் போனான். பக்கத்து ஸீட்காரர் மரியாதையாக, "செக்கு எண்ணெய்ங்களா?" என்று விசாரித்தார். வீரபாகு ஆமாம் என்று சொல்லிவிட்டான்.

சுரப்பி அடங்கவில்லை என்று முடிவு வந்தது.

டாக்டர் சிட்டிபாபு காகிதத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அவருக்கும் திருப்தி இல்லை என்று முகத்தில் தெரிந்தது. "மாத்திரைக்கு முன்னாடி எடுத்த அளவு ஒண்ணும் பெரிசா ஏறலே. எக்ஸ்ரேயிலே கட்டியும் தெரியலே. ஆனா மாத்திரைக்கு அடங்க மாட்டேங்குது. கணக்கு உதைக்குதே" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். அப்புறம் குழலியை நிமிர்ந்து பார்த்தார். "இதோ பாரும்மா. சில மருந்துங்க உடம்பிலே இருந்தா இந்தப் பரிசோதனையையே கெடுத்துடும். இல்லாத நோயை இருக்குன்னு காட்டும். தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை, பிள்ளை வேணாம்னு போடற மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம், எதுவா இருந்தாலும் சொல்லு. நான் கோச்சுக்க மாட்டேன்."

"எதுவும் சாப்பிடறதில்லீங்க. தலைவலிக்குக்கூட சுக்கு அரைச்சுப் பத்துதாங்க போடறது."

"வலிப்பாவது ஒண்ணாவது. எங்க வீட்டுலே யாருக்கும் கெடையாதுங்க" என்றான் வீரபாகு, கொஞ்சம் ரோஷத்தோடு.

டாக்டர் பேனாவை மேஜையில் தட்டினார். "அப்போ ஒண்ணு பண்ணலாம். வீட்டுலே பண்ணினது சரியா வரலியோ என்னமோ. வர்ற வாரம் இங்கேயே வந்து படுக்கட்டும். எங்க கையாலே மாத்திரை, எங்க கண் முன்னாடி ஜாடி. இங்கே குடுக்கறதைத் தவிர வேறே எதுவும் வாயிலே போகக் கூடாது. அப்பவும் அடங்கலேன்னா அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன்." எழுந்தவர் நின்று வீரபாகுவிடம் தனியாகச் சொன்னார்: "ஏதாவது சாப்பிட்டுக்கிட்டு இருந்து, அதை நிறுத்தணும்னாலும் என்கிட்டே கேட்டுத்தான் நிறுத்தணும். நீங்களா நிறுத்தினா விபரீதமாயிடும்."

பஸ் பூந்தமல்லி தாண்டும் வரைக்கும் வீரபாகு அதையே மனசுக்குள் புரட்டிக்கொண்டு வந்தான். ஏதோ உள்ளே போகிறது என்று டாக்டர் நினைக்கிறார். குழலி இல்லை என்கிறாள். இரண்டில் ஒருவர் தப்பு. பக்கத்தில் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்குகிறவளைப் பார்த்தான். காலை எழுந்ததிலிருந்து இவள் வாயில் போவதை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். காப்பி, பழையது, வெற்றிலை. அதற்கு முன்னால் பல் விளக்கிக் குளித்ததும், சுவாமி படத்துக்கு முன்னால் நின்று நெற்றியில் பூசிவிட்டு, மீதியை அண்ணாந்து வாயில் போட்டுக்கொள்வாளே, விபூதி!

அவனுக்குப் பொறி தட்டியது.

நெற்றிக்கு இட்டுக்கொண்டு ஒரு சிட்டிகை வாயில் போடுவது எல்லார் வீட்டு வழக்கமும்தான். ஆனால் குழலி சிட்டிகை போடுவதில்லை; பொட்டலம் பொட்டலமாகப் போடுவாள். காலையில் ஒன்று, விளக்கு வைத்ததும் ஒன்று. பதினைந்து நாளைக்கு ஒரு தரம் அவள் அம்மா பெரியநாயகி ஐயம்பேட்டையிலிருந்து பஸ்ஸேறி வருவாள். மஞ்சள் பையில் முப்பது பொட்டலம் இருக்கும். 'எங்க ஊர் முருகன் விபூதி, வேண்டுதல், ஒரு நாளும் விடக்கூடாது' என்பாள். தெருவே பெண்ணின் பக்தியைப் புகழ்ந்தது. வீரபாகுவும் இத்தனை நாள் பெருமையாகத்தான் இருந்தான். இப்போது யோசித்தால் பெருமை போய் வேறு ஏதோ வந்தது. காஞ்சிபுரத்தில், கூப்பிடு தூரத்தில் குமரகோட்டம் இருக்கும்போது, முருகன் விபூதி ஐயம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவானேன்?

மறுநாள் குழலி தண்ணீருக்குப் போனதும் அவன் மாடத்திலிருந்த டப்பாவைத் திறந்தான். குருக்கள் கொடுக்கிற பொட்டலம் எப்படியிருக்கும்? காகிதத்தைத் திருகிக் கொடுப்பார். இது திருகல் இல்லை. நாலு பக்கமும் கோடு போட்டாற்போல மடித்து, ஒரு முனையை இன்னொரு முனைக்குள் செருகி, எல்லாப் பொட்டலமும் ஒரே அளவு. இவ்வளவு ஒழுங்காக மடிக்கிற குருக்களை வீரபாகு பார்த்ததில்லை. ஒன்றைப் பிரித்தான். வெள்ளையாக, வாசனையோடு விபூதிதான். ஜரிகையைச் சோதிக்கிற அதே நாக்கில் ஒரு துளி வைத்தான்.

கசந்தது. விபூதி கரகரக்கும், உப்புக் கரிக்கும், கசக்காது. அவன் மூன்று தரம் துப்பிவிட்டு வாய் கொப்பளித்தான்.

அவன் இடத்தில் வேறொருவன் இருந்தால், கசப்பு என்றதும் அந்தப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நேராக டாக்டரிடம் ஓடியிருப்பான். வீரபாகு அம்மாவிடம் ஓடினான்.

காமாட்சியம்மாள் பொட்டலத்தைத் தொடக்கூட இல்லை. "நான் அப்பவே நெனச்சேன்டா. மந்திரிச்சு மருந்து வெச்சிட்டாங்க."

"யாருமா? பெத்தவளா பொண்ணுக்கு வெப்பா?"

"பொண்ணுக்கு வெச்சா இன்னா, அவ மூலமா உனக்குத்தானே? ரெண்டு வருசமா இன்னா சொல்லிக்கினு இருக்கா அந்தப் பெரியநாயகி? ஐயம்பேட்டையிலே வந்து தறி போடுங்க, எடம் இருக்குதுன்னு சொல்லலே? பொண்ணு நோவுலே படுத்தா நீ அங்கே போவே. போனா வருவியா?"

நியாயமாகப் பார்த்தால் இதில் தலையும் இல்லை, வாலும் இல்லை. ஆனால் சந்தேகம் பிடித்தவனுக்கு எது கிடைத்தாலும் பொருந்தும். பொட்டலத்தின் மடிப்பு பொருந்தியது. மந்திரவாதிதான் இப்படி மடிப்பான். மாமியார் ஒவ்வொரு தரமும், "விடாம சாப்பிடறியாடி?" என்று மகள் காதில் கேட்டது பொருந்தியது. அவ்வளவு ஏன், குழலி தினமும் விபூதியை வாயில் போடும்போது கண்ணை மூடிக்கொள்வதுகூடப் பொருந்தியது. அவளுக்கும் தெரியுமோ? தெரிந்துதான் முழுங்குகிறாளோ? அன்றைக்குத் தறியில் உட்கார்ந்தபோது அவள் தோள் தன்மேல் படாமல் ஒதுங்கி உட்கார்ந்தான். அவள் அதைக் கவனித்தாள்.

டாக்டரிடம் சொல்லலாமா என்று அவன் ஒரு தரம் யோசிக்காமல் இல்லை. இங்கிலீஷ் படித்தவர். 'என் மாமியார் மந்திரித்த விபூதி கொடுக்கிறாள்' என்று சொன்னால் நர்ஸுகளைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரிப்பார். அந்த வெட்கம் ஒரு பக்கம். நிறுத்தினால் வரும் என்று டாக்டர் சொன்ன ஆபத்தெல்லாம் மருந்துக்குத்தான், மந்திரத்துக்கு இல்லை என்கிற சமாதானம் இன்னொரு பக்கம். மந்திரம் உள்ளே போவது நின்றால் சுரப்பி தானாக அடங்கும், ஆபரேஷனும் நின்றுவிடும், அப்புறம் பெரியநாயகியைக் கையும் களவுமாகப் பிடித்துக் கேட்டுக்கொள்ளலாம் என்று அவன் திட்டம் போட்டான். குழலி மேல் ஆசை இல்லாமல் போடவில்லை. அவளைக் கத்தியிலிருந்து காப்பாற்றுகிறோம் என்றுதான் நம்பினான். அதுதான் கொடுமை.

ஆஸ்பத்திரிக்குப் புறப்படுகிற அன்று குழலி டிரங்குப் பெட்டியில் இரண்டு சேலைக்கு நடுவில் பொட்டல டப்பாவை வைத்தாள். அவள் தலை வாரப் போன சமயத்தில் வீரபாகு டப்பாவை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான்.

பெண்கள் வார்டில் அவளுக்கு ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. ஆண்கள் சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரைக்கும்தான் உள்ளே வரலாம். வீரபாகு பக்கத்துச் சத்திரத்தில் தங்கினான். முதல் நாள் சாயங்காலம் அவன் போனபோது குழலி பெட்டியைக் கட்டில்மேல் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, என் விபூதி டப்பாவைப் பார்த்தீங்களா? நான் வெச்சேன். நல்லா ஞாபகம் இருக்குது."

"பார்க்கலியே. வூட்லியே வுட்டுட்டு வந்திருப்பே."

"இல்லீங்க, வெச்சேன்."

"அதான் பார்க்கலேன்னு சொல்றேன் இல்லே?"

இரண்டாம் நாளும் கேட்டாள். வேறு எங்காவது கொஞ்சம் விபூதி கிடைக்குமா என்றாள். அவன் கந்தகோட்டத்து முருகன் கோயிலிலிருந்து விபூதி வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தான். வாயில் போட்டவள், "இது நம்ம விபூதி மாதிரி இல்லே" என்றாள். அவள் முகத்தை அவன் உற்றுப் பார்த்தான். கசப்பு இல்லை என்று சொல்கிறாளா, எதற்குத் தேடுகிறாள், பழகிவிட்டதா என்றெல்லாம் நோட்டம் பார்த்தான். பக்கத்துக் கட்டில் அம்மாளிடம் சொல்லி அவள் ஐயம்பேட்டைக்கு ஒரு கார்டு போட்டது அவனுக்குத் தெரியாது. மூன்றாம் நாள் அவள் தலை கனக்கிறது, கை துடிக்கிறது என்றாள். நர்ஸ் கொடுத்த மாத்திரையின் வேலை என்று அவனே முடிவு செய்தான். சுரப்பி அடங்க ஆரம்பித்துவிட்டது என்று சந்தோஷம்கூடப் பட்டான்.

நாலாம் நாள் சாயங்காலம் வார்டு வாசலில் பெரியநாயகி நின்றாள். கார்டு கையிலேயே இருந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடி வந்தவள் மாதிரி இரைத்தது. பொட்டலம் எடுத்து வரக்கூட நேரமில்லாமல், வெறும் மஞ்சள் பையை மார்போடு அணைத்திருந்தாள். மருமகனைப் பார்த்ததும் நமஸ்காரம்கூடச் சொல்லவில்லை.

"மாப்ளே, பொட்டலம் காணோம்னு எழுதியிருக்கா. எத்தினி நாளா சாப்பிடலே?"

வீரபாகு காத்துக்கொண்டிருந்த நேரம் வந்துவிட்டது. அவன் நிதானமாகப் பையிலிருந்து டப்பாவை எடுத்தான்.

"இதுவா? நாலு நாளா எங்கிட்டதான் இருக்குது."

அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிப் போயிற்று. அதைப் பார்த்து அவனுக்கு உள்ளூர ஒரு திருப்தி. பிடித்துவிட்டேன் என்று நினைத்தான்.

"நாலு நாளா?" என்று டப்பாவின் மேல் பாய்ந்தாள். "குடுப்பா. குடு, நான் கொண்டுபோய்க் குடுத்துர்றேன்."

அவன் கையை உயரத் தூக்கினான். "இதுலே இன்னா கலந்திருக்குதுன்னு சொல்லுங்க. யார் மந்திரிச்சது? சொல்லிட்டு எடுத்துக்கினு போங்க."

"அப்புறம் சொல்றேன்பா. உன் கால்லே வுழறேன். மொதல்லே அவ வாயிலே போவட்டும்."

"சொன்னாதான்."

வயசான பொம்பளை எட்டி எட்டிக் கையைப் பிடிக்கப் பார்க்க, ஆம்பளை டப்பாவைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்க, வருகிறவர் போகிறவரெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். அவள் கடைசியில் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, அவனுக்கு மட்டும் கேட்கும்படி, "வலிப்புப்பா. என் பொண்ணுக்கு வலிப்பு" என்றாள்.

அவனுக்கு அது மண்டையில் ஏறுவதற்குள் வார்டுக்குள்ளிருந்து கத்தல் கேட்டது. ஜன்னலோரக் கட்டில். குழலியின் கால் கட்டில் கம்பியில் மோதி மோதி அடித்தது. கண் மேலே செருகி, வாயோரம் ரத்தத்தோடு நுரை. நர்ஸ் இரண்டு பேர் அவளைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வீரபாகுவின் கையிலிருந்த டப்பா எப்போது கீழே விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது. வலிப்பு ஒரு தரம் நின்று, மறுபடி வந்தது. ஊசி போட்ட பிறகும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடங்கியது. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டுவிட்டான்.

டாக்டர் சிட்டிபாபு வந்தார். நாக்கில் எவ்வளவு காயம் என்று பார்க்க உதட்டை விலக்கினவர் அப்படியே நின்றார். டார்ச் அடித்து மேல் ஈறு, கீழ் ஈறு இரண்டையும் பார்த்தார். ஈறு வீங்கிப் பல்லின் பாதி வரைக்கும் மூடியிருந்தது. முந்தானையால் வாயைப் பொத்தியே பழகினவளின் ஈறை இதுவரைக்கும் யாரும் பார்க்கவில்லை. டாக்டரும் பார்க்கவில்லை, நாலு வருஷம் தோளோடு தோள் உட்கார்ந்து, நாக்குக்கு அடியில் மாத்திரையை மட்டும் தேடினவனும் கவனிக்கவில்லை.

"இந்தப் பொண்ணு வலிப்பு மருந்து சாப்பிடுது. யார் குடுக்கறது?" என்றார்.

பெரியநாயகி கட்டில் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். குழலிக்குப் பதினோரு வயசில் மூன்று தரம் வந்தது. மாத்திரையில் நின்றது. மாத்திரையை விட்டால் வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலிப்புக்காரி என்று தெரிந்தால் எவன் கட்டுவான்? மகளுக்கே தெரிந்தால் வாய் தவறி யாரிடமாவது சொல்லிவிடுவாள். அதனால் அது வெறும் மயக்கம், முருகன் விபூதியில் குணமாகிவிட்டது, விபூதியை மட்டும் விடாதே என்று சொல்லி வைத்தாள். ஐயம்பேட்டை கம்பவுண்டர் வேலாயுதம்தான் மாத்திரையைப் பொடி செய்து, விபூதியில் கலந்து, வேளைக்கு ஒன்றாக மடித்துக் கொடுப்பவர். "ரெண்டு வருசம் முந்தி தீபாவளிக்கு வந்தப்போ தூக்கத்துலே ஒரு தரம் வந்துடுச்சுங்க. அவரு இன்னொரு மாத்திரையும் சேர்த்து அரைச்சாரு."

"அந்த ரெண்டாவது மருந்துதான் மீசையும் மோவாய் முடியும். ஈறும் அதுதான். முகம் தடிக்கறதும் அதாலேதான்" என்றார் டாக்டர். அவர் குரலில் கோபமும் இருந்தது, ஒரு பெரிய மூட்டையை இறக்கி வைத்த நிம்மதியும் இருந்தது. "பரிசோதனை கெட்டதும் அதாலேதான். இந்த மருந்துங்க கல்லீரலை முடுக்கி விட்டுடும். நாங்க குடுத்த சின்ன மாத்திரை சுரப்பிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ளே ஈரல் அதை அழிச்சுடுது. சுரப்பி அடங்கலேன்னு நாங்க நினைச்சோம். அடங்குன்னு சொல்ல ஆளே போகலே." வீரபாகு பக்கம் திரும்பினார். "நாலு நாள் நிறுத்தினதாலே அந்த முடுக்கு போயிடாது. இந்தத் தடவையும் அடங்கலேன்னுதான் வந்திருக்கும். வியாழக்கிழமை நான் கிழிச்சு, நல்லா இருக்கற சுரப்பியை எடுத்திருப்பேன். நிறுத்தினதுக்குப் பலன் இந்த வலிப்பு ஒண்ணுதான். நான் சொன்னேனா இல்லையா?"

வீரபாகு தலை குனிந்தான். இவ்வளவு சின்னவனாக அவன் எங்கேயும் நின்றதில்லை.

"இப்போ கத்தி வேணாம். சுரப்பியை வேறே வழியிலே நிதானமா பார்த்துக்கலாம். வலிப்புக்கு அளவு பார்த்து, மாத்திரையாவே தரேன், மூடி மறைக்காம" என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

ஆறு மணிக்கு முன்னால் குழலிக்கு நினைவு திரும்பியது. நாக்கு வீங்கியிருந்ததால் பேச்சு குழறியது. அம்மா அழுதழுது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னாள். பன்னிரண்டு வருஷமாகத் தான் சாமி என்று நினைத்து முழுங்கியது என்ன என்று அவள் கேட்டுக்கொண்டு கிடந்தாள். டப்பாவை யார் எடுத்தது என்பதையும் பெரியநாயகி சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. சொல்லி முடித்ததும் எழுந்து வீரபாகுவின் காலில் விழுந்தாள்.

"எம் பொண்ணைத் தள்ளி வெச்சிடாதே, மாப்ளே. மறைச்சது என் தப்பு. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

வீரபாகு அவளைத் தூக்கி நிறுத்தினான். பஞ்சாயத்து வைத்தால் ஊரே அவன் பக்கம்தான் பேசும் என்று அவனுக்குத் தெரியும். வலிப்பை மறைத்துப் பெண் கொடுத்தார்கள் என்றால் அவனை யாரும் தப்பு சொல்ல முடியாது. ஆனாலும் குழலியை விட்டுவிட அவனுக்கு மனசு வரவில்லை. தனக்குள்ளேயே இவ்வளவு பெரிய மனசு இருப்பதைப் பார்த்துக் கொஞ்சம் நெகிழ்ந்தும் போனான்.

"நான் எதையும் மனசுலே வெச்சுக்கலே" என்றான் குழலியிடம். "எங்கம்மாவுக்கு நான் சொல்லிக்கிறேன். டாக்டர் வுட்டதும் வூட்டுக்குப் போயிடலாம்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த முகத்தை மெல்ல அவன் பக்கம் திருப்பினாள்.

"மொத நாளு கேட்டேன். ரெண்டாம் நாளும் கேட்டேன். பார்க்கலேன்னீங்க."

"அது... உன் நல்லதுக்குத்தான்..."

"எங்கம்மாவும் அதையேதான் சொல்லுது."

அவள் ஒவ்வொரு வார்த்தையாக, வலியோடு பேசினாள்.

"எம்மேலே சந்தேகம்னா என்னைக் கேட்டிருக்கலாம் இல்லே? வாயைத் தெறந்து நாக்குக்கு அடியிலே பார்த்தீங்களே, அப்பக்கூட ஒரு வார்த்தை கேக்கலியே. நீங்க மன்னிக்கறது இருக்கட்டும். நான் வரேன்னு இன்னும் யாருகிட்டயும் சொல்லலியே."

பார்வை நேரம் முடிந்ததற்கு மணி அடித்தார்கள். நர்ஸ் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். ரெண்டு நாளில் அனுப்பிவிடுவார்கள், யார் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள் என்று பெயர் எழுத வேண்டும் என்றாள். "வீட்டுக்காரர் பேரா, அம்மா பேரா?"

வீரபாகு வாயைத் திறந்தான். பெரியநாயகியும் திறந்தாள். குழலி படுத்தபடியே கையை உயர்த்தி இருவரையும் நிறுத்தினாள்.

"எழுதாதீங்கம்மா. நான் யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். "அதுவரைக்கும் என் மாத்திரையை என் கையிலேயே குடுங்க."

நர்ஸ் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். நடையில் ஒரே ஒரு பெஞ்சுதான் இருந்தது. மாமியாரும் மருமகனும் அதில் உட்கார்ந்தார்கள். உள்ளே இருக்கிறவள் என்ன சொல்லப்போகிறாளோ என்கிற பயம் இருவருக்கும் ஒன்றாகவே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பெரியநாயகி நகர்ந்து அவனுக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டாள்.